மாகாண சபைத் தேர்தல்: மகஜரின் இரண்டாவது வரியில் என்ன எழுதுவது?

போன மாதம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மாகாண சபைத் தேர்தலை நடத்தச் சொல்லி ஒரு மகஜர் அனுப்பவேண்டும் என்று கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து கூட்டியது. "தேர்தலை உடனே நடத்து" என்ற முதல் வரிக்கு எல்லோரும் கை உயர்த்தினார்கள். "எந்த முறையில்" என்று இரண்டாவது வரியை எழுத வெளிக்கிட்டபோதுதான் சிக்கல் வந்தது. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் "அந்தக் காலம் மாதிரித் தொகுதிக்கு ஒரு ஆள் வேணும், மற்றதெல்லாம் சுத்துமாத்து" என்றார். மாதர் சங்கத் தலைவி அக்கா, தொகுதி என்று போனால் பெண்களுக்கு ஒரு இடமும் கிடைக்காது என்றார். ஒரு தம்பி பிரதேச சபைக்கு வந்தது போலக் கலப்பு முறைதான் நல்லது என்றான். இரண்டு மணித்தியாலம் பேசியும் இரண்டாவது வரி வெறுமையாகவே கிடந்தது.

அதற்குப் பிறகு நெடுங்கேணிப் பக்கமிருந்தும் துணுக்காய்ப் பக்கமிருந்தும் இதே கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். தேர்தல் கடமைக்குப் பல தடவை போன ஆள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். தனித்தனியே பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

## முதலில், ஏன் இந்த இழுபறி

வட மாகாண சபைக்கு இதுவரை ஒரே ஒரு தேர்தல்தான் நடந்திருக்கிறது, 2013 செப்டெம்பர் 21இல். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநரின் நிர்வாகம்தான். காரணம் 2017இல் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தியது. கட்சி எடுத்த வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கும் பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டு, பாதி உறுப்பினர்கள் தொகுதியிலிருந்தும் பாதி கட்சிப் பட்டியலிலிருந்தும் வரும் கலப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை தயாராகி 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அதை ஆதரிக்க ஒருவரும் இல்லை, தோற்றுப்போனது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புது முறைக்கு எல்லை இல்லை. நடுவில் நிற்கிறது எங்கள் வாக்கு.

மாகாண சபைகளை உருவாக்கியது 1987இல் வந்த 13ஆம் திருத்தம், அது அரசியலமைப்பு. ஆனால் அந்தச் சபைக்கு எப்படித் தேர்தல் வைப்பது என்பது 1988இன் 2ஆம் இலக்கச் சட்டம் என்ற சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் முறையோ அரசியலமைப்புக்குள்ளேயே எழுதப்பட்டது, அதைத் தொட மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். எனவே மாகாண சபைத் தேர்தல் முறையைச் சரிப்படுத்துவதற்குப் புது அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

## எதை வைத்து அளப்பது

முறைகளின் பெயரைச் சொல்லிச் சண்டை பிடிப்பதற்கு முன்னால், எங்களுக்கு என்ன வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, விழுந்த வாக்குக்கும் கிடைத்த ஆசனத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா. இரண்டு, குளத்துக்கட்டு உடைந்தால் போய்ப் பிடிக்க ஒரு ஆள் இருக்கிறாரா, அவர் இது தன்னுடைய இடமில்லை என்று நழுவ முடியுமா. மூன்று, சிதறி வாழும் சிறு தொகையினருக்கு இடம் கிடைக்குமா. வன்னியில் இதை மறந்து பேசக்கூடாது: முசலியில் முஸ்லிம் மக்கள், வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் சிங்கள மக்கள், 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள், 1990இல் வெளியேற்றப்பட்டு இன்னும் புத்தளத்தில் ஒரு காலும் மன்னாரில் ஒரு காலுமாக இருப்பவர்கள், இவர்கள் எல்லோரும் வாக்காளர்கள்தான். நான்கு, காசில்லாத ஆளும் பெண்களும் போட்டியிட முடியுமா. ஐந்து, எவ்வளவு விரைவில் நடத்தலாம்.

## தொகுதிக்கு ஒருவர்: முன்னுக்கு வந்தவர் வெற்றி

ஐயா சொன்ன முறை. 1947 தொடக்கம் 1977 வரை நாடாளுமன்றத்துக்கு இதுதான் இருந்தது. 1977இல் மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மூன்றுக்கும் தொகுதிக்கு ஒருவர், மூவரும் தமிழர் விடுதலைக் கூட்டணி. எம்.பி. யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வீட்டு வாசலும் தெரியும். இரண்டாவது அளவுகோலில் இதை அடிக்க வேறு முறை இல்லை. வாக்குச்சீட்டும் சுலபம், ஒரு புள்ளடியோடு வேலை முடிந்தது. உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தல் வரும், பட்டியலில் அடுத்தவர் சத்தமில்லாமல் வந்து உட்காரமாட்டார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 38 வீத வாக்கு எடுத்து 17 ஆசனம் பெற்றது, அதைவிட ஒரு வீதம் குறைவாக எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. (சுதந்திரக் கட்சி கூட்டணியில் நின்றதால் எல்லாத் தொகுதியிலும் போட்டியிடவில்லை, அதையும் சொல்லவேண்டும்.) 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீதத்தோடு 168இல் 140ஐ அள்ளியது. அந்தப் பலத்தில்தான் 1978 அரசியலமைப்பு வந்தது. அதே தேர்தலில் 30 வீதத்துக்குக் கிட்ட எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம், 7 வீதத்துக்கும் குறைவாக எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. தமிழர் ஒருவர் எதிர்க்கட்சித் தலைவரானார் என்று அதை நாங்கள் பெருமையாக நினைத்துக்கொள்கிறோம். எங்களுக்குச் சாதகமாக விழுந்தாலும் கோணல் கோணல்தான்.

வெளியில் ஒரு உதாரணம் பார்ப்போம். ஆபிரிக்காவில் லெசோதோ என்று சின்ன நாடு, சனத்தொகை இரண்டு மில்லியன் அளவு. 1998இல் ஆளும் கட்சி 60 வீத வாக்கில் 80 தொகுதிகளில் 79ஐப் பிடித்தது. மிச்ச 40 வீதத்துக்கும் ஒரே ஒரு ஆசனம். கலவரமாகி, அயல்நாட்டுப் படை வந்துதான் அடங்கியது.

இப்போது வன்னியைப் பாருங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதலாவதாக வந்த தேசிய மக்கள் சக்திக்கே சுமார் 20 வீதம்தான். அடுத்த நான்கு கட்சிகளும் 32 ஆயிரத்திலிருந்து 17 ஆயிரம் வரை வரிசையாக நிற்கின்றன. இப்படிச் சிதறும் இடத்தில் தொகுதி முறை வைத்தால் 25 வீதம் எடுத்தவர் வெல்வார், 75 பேரின் வாக்கு தூசாகிவிடும். பெண்களை எந்தக் கட்சியும் வெல்லக்கூடிய தொகுதியில் நிறுத்தாது என்று அக்கா சொன்னதும் சரி.

எங்கே பொருந்தும்: ஓரினமாக, இரண்டே கட்சி மோதும் இடத்தில். வன்னி அப்படிப்பட்ட இடம் இல்லை.

## பழைய முறை: மாவட்ட விகிதாசாரம், மூன்று விருப்பு வாக்கு

கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் பிடித்த மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. 2013 மாகாண சபைத் தேர்தல் இதில்தான் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு 16, கிளிநொச்சிக்கு 4, முல்லைத்தீவுக்கு 5, மன்னாருக்கு 5, வவுனியாவுக்கு 6, அதோடு கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸ் 2, மொத்தம் 38. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 78 வீத வாக்கு எடுத்தது, 30 ஆசனம் பெற்றது. 38இல் 30 என்றால் 79 வீதம். இதைவிடப் பொருத்தமாக ஒரு முறை கணக்குத் தர முடியாது. மன்னாரில் முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று, ஐந்து மாவட்டத்திலும் அன்றைய அரசாங்கக் கட்சிக்கு ஏழு என்று மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். தொகுதி முறையில் நடந்திருந்தால் இந்த எட்டில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொரு நன்மை, எல்லை வரையத் தேவையில்லை. மாவட்டம்தான் எல்லை. நாடாளுமன்றத்துக்குக் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு போகிறது, ஆனால் மாகாண சபைக்குத் தனியாக நின்று தன் நான்கு பேரைத் தெரிகிறது. புத்தளத்தில் இருந்துகொண்டு மன்னார் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களின் வாக்கும் மாவட்டம் முழுக்க ஒன்றாகச் சேரும், எந்த வீதிக்கு அந்தப் பக்கம் வீடு என்ற கேள்வி வராது.

மறைந்த செலவு விருப்பு வாக்கில் இருக்கிறது. எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக்காரனோடுதான் சண்டை. மாவட்டம் முழுக்க ஓடவேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் யாழ்ப்பாண மாவட்டம் இரண்டு தடவை அடங்கிவிடும், இடையில் காடு. மாங்குளத்திலிருந்து கொக்கிளாய் வரை போஸ்டர் ஒட்ட, வாகனத்துக்கு எண்ணெய் அடிக்க, வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கக் காசு உள்ளவனால்தான் முடியும். தேர்தல் செலவுக்கு எல்லை வைக்கும் சட்டம் 2023இல் வந்துவிட்டது, ஆனாலும் மாவட்டத்தின் பரப்பு குறையப்போவதில்லை. வாக்காளர் செறிவாக இருக்கும் பக்கத்து வேட்பாளர் வெல்வார், ஓரத்துப் பிரதேசம் வெறுங்கையோடு நிற்கும். பெண்களுக்கும் இது கடினமான ஓட்டம். 2020, 2024 இரண்டு நாடாளுமன்றத் தேர்தலிலும் இதே விருப்பு வாக்கில் வன்னி மாவட்டத்தில் தெரிவான ஆறு ஆறு பேரில் ஒரு பெண்ணும் இல்லை. 2015இல் முல்லைத்தீவின் சாந்தி ஸ்ரீஸ்கந்தராசா நாடாளுமன்றம் போனது கட்சி நியமிக்கும் தேசியப் பட்டியல் வழியாக.

அப்புறம் வாக்குச்சீட்டு. 2024இல் வன்னியில் ஒரு கட்சிக்கு 9 வேட்பாளர். சீட்டில் மேலே கட்சி, கீழே இலக்கங்கள். எண்ணும் நிலையத்தில் ஒரு சீட்டு என் கைக்கு வந்தது, கட்சிக்கு நேரே ஒன்றும் இல்லை, கீழே 3, 5, 8 என்ற மூன்று இலக்கத்துக்கும் அழகாக, கோட்டுக்குள்ளே நிற்கிற மாதிரிப் புள்ளடி போட்டிருந்தது. அந்த நபருக்கு மூன்று பேரையும் நன்றாகத் தெரிந்திருக்கிறது, பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் கட்சிக்குப் போடாத விருப்பு வாக்கு செல்லாது. நிராகரிக்கப்பட்டவை இருந்த கட்டில் அதை வைக்கும்போது என் கை கூசியது, இப்பவும் நினைவிருக்கிறது.

எங்கே பொருந்தும்: இனங்களும் கட்சிகளும் கலந்து கிடக்கும் மாவட்டத்தில், எல்லை வரைய நேரமில்லாத வேளையில்.

## 2017 கலப்பு முறை: ஒரு வாக்கு, இரண்டு வேலை

மாகாண சபைக்கு இது இன்னும் நடந்து பார்க்கவில்லை. ஆனால் உள்ளூராட்சியில் இதன் அண்ணனை 2018 பெப்ரவரியிலும் 2025 மேயிலும் பார்த்துவிட்டோம். அங்கே வட்டாரத்துக்கு 60 வீதம், பட்டியலுக்கு 40 வீதம். மாகாண சபைச் சட்டத்தில் பாதிக்குப் பாதி.

நல்லது இருக்கிறது. வட்டார உறுப்பினர் வந்துவிட்டார், வீதி விளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரியும். விருப்பு வாக்குச் சண்டை ஓய்ந்தது. கால்வாசி பெண்கள் என்ற விதியால் நாடு முழுக்க உள்ளூராட்சியில் 2 வீதத்துக்கும் கீழே கிடந்த பெண்கள் 2018இல் 20 வீதத்தைத் தாண்டினார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

செலவுகள் மூன்று. முதலாவது, உங்கள் ஒரே புள்ளடி வட்டார ஆளுக்கும் போகிறது, அவருடைய கட்சியின் பட்டியலுக்கும் போகிறது. வட்டாரத்தில் நல்லவர் எனக்குப் பிடிக்காத கட்சியில் நின்றால் நான் என்ன செய்வது? ஆளைப் பார்த்தால் கட்சி வளர்கிறது, கட்சியைப் பார்த்தால் ஆள் தோற்கிறார். இரண்டாவது, பட்டியலிலிருந்து யார் சபைக்குப் போவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சிச் செயலாளர் முடிவு செய்கிறார். நாங்கள் தோற்கடித்த ஆள் அடுத்த வாரம் உறுப்பினராக வந்து நிற்கலாம். பெண்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியாகத்தான் வந்தார்கள், வட்டாரம் இல்லாத உறுப்பினர் என்று சபைக்குள்ளேயே அவர்களைக் கீழாகப் பார்ப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, சபை வீங்கும். 20 பேர் கொண்ட ஒரு பிரதேச சபை, 12 வட்டாரம், 8 பட்டியல் என்று வையுங்கள். ஒரு கட்சி 40 வீத வாக்கு எடுத்தால் அதன் உரித்து 8. ஆனால் மற்ற வாக்குகள் சிதறியதால் அது 10 வட்டாரத்தை வென்றுவிட்டது. வென்றதைப் பறிக்க முடியாது, எனவே சபை 22 ஆகிறது. அப்படியும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. சட்டமே ஆசனங்களைக் கூட்டியதோடு இந்த வீக்கமும் சேர்ந்து, 2018இல் நாடு முழுக்க உறுப்பினர் தொகை நான்காயிரத்து ஐந்நூறு அளவிலிருந்து எட்டாயிரத்துக்கு மேலே போனது. தவிசாளரைத் தெரியவும் பாதீட்டை நிறைவேற்றவும் பேரம் பேசியே காலம் போன சபைகள் வன்னியிலும் உண்டு.

இதற்கெல்லாம் மேலே எல்லைப் பிரச்சினை. பாதி தொகுதி என்றால், ஐந்து ஆசனம் கொண்ட ஒரு மாவட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று தொகுதி. எல்லைக் கோட்டை எங்கே போடுவது? சனத்தொகையை மட்டும் பார்த்தால் மீள்குடியேற்றம் முடியாத ஊர்கள் அடிபடும். சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்புக் காலத்தில் ஆட்கணக்கோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஒரு ஆசனம் என்று பரப்புக்கும் இடம் கொடுத்தார்கள், சனம் குறைந்த வன்னி போன்ற இடங்களுக்கு அது கைகொடுத்தது. அப்படி ஒரு பிடிமானம் இல்லாமல் வரையும் கோடு ஏதோ ஒரு சமூகத்தை இரண்டாகப் பிளக்கும், தமிழரையோ முஸ்லிம்களையோ சிங்களவரையோ, யார் பேனையைப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து.

எங்கே பொருந்தும்: வட்டாரம் சின்னதாக, ஆளை ஆள் தெரிந்த உள்ளூராட்சிக்கு. மாகாண சபைக்கு இப்படியே கொண்டுவந்தால் எனக்குத் திருப்தி இல்லை.

## கலப்பு முறை, ஆனால் இரண்டு வாக்கு

நியூசிலாந்து செய்தது. அங்கே 1978இலும் 1981இலும் கூடுதல் வாக்கு எடுத்த தொழிற்கட்சி எதிர்க்கட்சியில் உட்கார்ந்தது. சனம் வெறுத்துப்போய், 1993இல் சர்வசன வாக்கெடுப்பில் முறையை மாற்றியது, 1996இல் முதல் தேர்தல். ஒரு சீட்டில் இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. ஒவ்வொரு கட்சிக்கும் மொத்தம் எத்தனை ஆசனம் என்பதைக் கட்சி வாக்கு தீர்மானிக்கும், தொகுதியில் வென்றது போக மிச்சம் பட்டியலிலிருந்து வரும். பட்டியலின் வரிசை தேர்தலுக்கு முன்பே அச்சாகி வெளிவந்துவிடும், பிறகு செயலாளர் மாற்றமுடியாது. 2011இல் மறுபடி கேட்டபோதும் இதையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வன்னிக்கு இதில் எனக்குப் பிடித்தது, ஆளையும் கட்சியையும் பிரித்துப் பார்க்க விடுகிறது. எங்கள் பக்கத்தில் ஆளுக்காகப் போடும் வாக்கு நிறைய. குளம் திருத்தித் தந்தவர், காணிப் பிரச்சினைக்கு அலைந்தவர் என்று ஒருவருக்குத் தொகுதி வாக்கைப் போட்டுவிட்டு, இனப்பிரச்சினையில் யாருடைய நிலைப்பாடு சரியோ அந்தக் கட்சிக்கு மற்ற வாக்கைப் போடலாம். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லாவிட்டாலும், பட்டியலில் மேலே அவர்களில் ஒருவரைப் போடாத கட்சியைத் தண்டிக்கலாம். ஆண், பெண் என்று மாறிமாறி வரிசைப்படுத்தச் சட்டம் போட்டால் அக்காவின் கவலையும் பாதி தீரும்.

ஓட்டையும் உண்டு. திரும்ப லெசோதோவுக்கு வாருங்கள். 1998 கலவரத்துக்குப் பிறகு 2002இல் இந்த முறையை எடுத்தார்கள், 80 தொகுதி, 40 பட்டியல். 2007இல் பெரிய கட்சி தன் ஆதரவாளர்களிடம் தொகுதி வாக்கை எங்களுக்கும் கட்சி வாக்கை எங்கள் கூட்டாளிக் கட்சிக்கும் போடுங்கள் என்று சொல்லி, ஒரே ஆட்கள் இரண்டு பக்கமும் ஆசனம் எடுத்தார்கள். பிறகு ஒற்றை வாக்குக்கு மாறினார்கள். எங்கள் நாட்டில் இதைச் செய்ய ஆள் இல்லை என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது. தொகுதியில் நிற்கும் கட்சிதான் பட்டியலும் தரலாம், பட்டியல் தரும் கட்சி குறைந்தது பாதித் தொகுதியிலாவது நிற்கவேண்டும் என்று எழுதினால் பெரும்பகுதி அடைபடும். எல்லைப் பிரச்சினை இதிலும் அப்படியே இருக்கிறது, ஆனால் கடி குறைவு. மொத்தத்தைக் கட்சி வாக்கு தீர்மானிப்பதால் கோணல் கோட்டால் ஆசனத் தொகையை அதிகம் திருட முடியாது.

அயர்லாந்திலும் மோல்டாவிலும் உள்ள வரிசை வாக்கைப் பற்றியும் ஒருவர் கேட்டார். பெரிய தொகுதிக்கு நாலைந்து பேர், 1, 2, 3 என்று வரிசை போடவேண்டும். ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் வரிசை போட எங்களுக்கும் உரிமை உண்டு, 2024இல் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணவும் வேண்டி வந்தது. நல்ல முறைதான், எங்கள் மாவட்ட அளவுக்கும் பொருந்தும். இப்போதைக்கு மேசையில் இல்லை என்பதால் விடுகிறேன்.

## ஒரே பார்வையில்

| | தொகுதி | பழைய விகிதாசாரம் | ஒரு வாக்குக் கலப்பு | இரு வாக்குக் கலப்பு |
|---|---|---|---|---|
| வாக்கு–ஆசனப் பொருத்தம் | மோசம் | மிக நல்லது | பரவாயில்லை | மிக நல்லது |
| பிடிக்க ஒரு ஆள் | நிச்சயம் உண்டு | இல்லை | பாதிப் பேர் | பாதிப் பேர் |
| சிறு தொகையினர் | எல்லைக் கோட்டைப் பொறுத்தது | நல்லது | எல்லைக் கோட்டைப் பொறுத்தது | நல்லது |
| பெண்கள், காசில்லாதவர் | கடினம் | மிகக் கடினம் | ஒதுக்கீட்டால் வரலாம் | பட்டியல் வரிசையால் வரலாம் |
| எப்போது நடத்தலாம் | எல்லைக்குப் பிறகு | திருத்தம் வந்தவுடன் | எல்லைக்குப் பிறகு | எல்லையும் புதுச் சட்டமும் வேண்டும் |

## சரி, இரண்டாவது வரி

கடைசி வரிசையைத் திரும்பப் பாருங்கள். முறையைத் தனியே எடுத்தால் நான் இரு வாக்குக் கலப்பைத் தெரிவேன், யோசிக்காமல். ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்பினால் "நல்ல யோசனை, எல்லை நிர்ணயத்துக்கு ஒரு குழு போடுகிறோம்" என்று பதில் வரும். 2018இலிருந்து இந்தப் பாட்டைத்தான் கேட்கிறோம். 2013இல் முதல் வாக்குப் போட்ட பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது, மாகாண சபைக்கு இரண்டாவது தடவை புள்ளடி போட்டதே இல்லை. சபை இல்லாத மாகாணத்துக்கு எவ்வளவு அழகான முறை இருந்தும் என்ன பயன்?

உங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரு முறையில் பிடிவாதமாக நின்றால், ஒரு வாக்குக் கலப்பை மட்டுமாவது கேட்காதீர்கள், அது எல்லை நிர்ணயத்தின் தாமதத்தையும் கொண்டுவரும், செயலாளர் கையில் பட்டியலையும் கொடுக்கும். எங்கள் ஊரில் மறுபடி கூடி, ஐயாவும் அக்காவும் தம்பியும் இருக்க எழுதிய வரி இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"அடுத்த மாகாண சபைத் தேர்தலை, 2017க்கு முன்பிருந்த விகிதாசார முறையை ஒரு தடவைக்கு மட்டும் மீளக் கொண்டுவரும் திருத்தத்தின் மூலம் உடனடியாக நடத்தவும், ஒவ்வொரு வேட்புமனுவிலும் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், அந்தச் சபையின் காலம் முடிவதற்குள் பரப்பையும் சனத்தொகையையும் சேர்த்துப் பார்க்கும் எல்லை நிர்ணயத்தை முடித்து, ஆளுக்கு ஒன்றும் கட்சிக்கு ஒன்றுமாக இரண்டு வாக்குக் கொண்ட கலப்பு முறையைச் சட்டமாக்கவும்."

ஐயா கையெழுத்து வைக்கும்போது "ஒரு தடவைக்கு மட்டும்" என்ற இடத்தில் பேனையால் அடிக்கோடு போட்டார். நாங்கள் அதை அழிக்காமல் அப்படியே அனுப்பினோம்.